முனியாண்டி அண்ணனின் பொடுகும் பொட்டாசியமும்

1. திங்கட்கிழமை

"கால் ரெண்டுலயும் கல்லக் கட்டித் தொங்க விட்ட மாதிரி இருக்கு மிஸ்ஸி. நடக்க முடியல லா."

மலேசியாவின் ஈப்போவில் நான் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்க்கும் டயாலிசிஸ் சென்டரின் வாசலில், சுவரைப் பிடித்துக்கொண்டு முனியாண்டி அண்ணன் இப்படிச் சொன்னபோது, நான் வேறொரு நோயாளிக்கு லைன் மாட்டத் தயாராகிக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததை அடுத்த நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். அன்று திங்கட்கிழமை. அதனால்தான் ஓடினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். கிட்னி வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை மெஷின்தான் சுத்தம் செய்கிறது. எங்கள் காலை ஷிப்டு நோயாளிகள் திங்கள், புதன், வெள்ளி வருவார்கள். சனியும் ஞாயிறும் மெஷின் கிடையாது. இதை நாங்கள் 'லாங் கேப்' என்போம். அந்த இடைவெளியில் சாப்பாட்டில் இருக்கும் பொட்டாசியம் உடம்பிலேயே தேங்கும். அளவு மீறினால் கை கால் சோரும், அப்புறம் இதயம் நின்றுவிடும். பல நேரங்களில் வலிகூட இருக்காது. ஆள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார், அடுத்த நிமிடம் இருக்க மாட்டார்.

அண்ணனைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தேன். அதில் டி அலை என்று ஒன்று உண்டு, சாதாரணமாகச் சின்ன மேடு போல இருக்கும். அவருக்குக் கூடாரம் அடித்த மாதிரி கூர்மையாக நிமிர்ந்து நின்றது. கீழ்மாடி கிளினிக்கிலிருந்து டாக்டர் ஓடி வந்தார். கால்சியம் ஊசி போட்டு, மானிட்டரை மாட்டி, உடனே மெஷினில் ஏற்றச் சொன்னார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்தோம்.

இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ பார்த்தவள் என்று மற்றவர்கள் என்னைச் சொல்வார்கள். அன்றைக்கு மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. ரத்தம் மெஷினுக்குள் ஓடி ஓடித் திரும்ப, அந்தக் கூர்மை மெல்ல மெல்ல மழுங்கியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அண்ணன் கண்ணைத் திறந்து கேட்டார்:

"மிஸ்ஸி, பதினோரு மணிக்கு ஒரு கஸ்டமர வரச் சொல்லிருக்கேன். அதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"உங்க உயிரே போகப் பாத்துச்சு. கஸ்டமராம் கஸ்டமர்! பேசாம படுங்கண்ணே."

"அப்பிடிச் சொல்லாதீங்க மிஸ்ஸி. இப்பல்லாம் வாரதே அந்த ஒருத்தருதான்."

2. முடிவெட்டுகிறவரின் தலை

முனியாண்டி அண்ணனுக்கு ஈப்போவை அடுத்த லகாட்டில் முடிவெட்டும் கடை. அவரும் அவர் மனைவி அஞ்சலையும் சிலிம் ரிவர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர்கள். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட காலத்தில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். அஞ்சலை பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் சிங்கப்பூரில். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

அண்ணன் கை சுத்தமான கை. கிருதாவை ஒரு மயிரிழை பிசகாமல் எடுப்பார் என்று அந்த வட்டாரத்தில் பெயர். ஆனால் மெஷினில் ஏற ஆரம்பித்த பிறகு அவர் தலையே அவருக்கு எதிரியாகிவிட்டது. உச்சந்தலை வறண்டு செதில் செதிலாக உரிந்தது. குனிந்து கஸ்டமரின் காதோரம் கத்தரி பிடிக்கும்போது, போர்த்தியிருக்கும் கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாக விழும். அரிப்பு தாங்காமல் சீப்பின் வாலால் சொறிந்துகொள்வார். கண்ணாடியில் கஸ்டமர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு மேல் அங்கே யார் தலையைக் கொடுப்பார்?

"ஒரு ஆளு பாதி வெட்டுல எந்திரிச்சிட்டான் மிஸ்ஸி. அண்ணே, இது ஒட்டிக்குமான்னு கேட்டான். நான் வெட்டி வளர்ந்த தலை அது. மீதியை வேற கடையில போயி வெட்டிக்கிட்டான்."

இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒட்டாது என்று ஒவ்வொருவரிடமும் போய் நானா சொல்ல முடியும்?

பார்மசியில் கிடைக்கும் ஷாம்பு அத்தனையையும் அவர் பார்த்துவிட்டார். எலுமிச்சை, வெந்தயம், தயிர் எல்லாம் ஆகிவிட்டது. எங்கள் சென்டருக்கு மாதம் ஒரு முறை வரும் டயட்டீஷியன் ஒரு மலாய்ப் பெண், பொறுமைசாலி. அவள் மலாயில் சொன்னதை நான் தமிழில் அஞ்சலைக்குச் சொன்னேன். கிட்னி நோயாளிக்குத் தோலில் எண்ணெய்ப் பசையும் வேர்வையும் குறைந்துபோகும். ரத்தத்தில் பாஸ்பேட் ஏறினால் அரிப்பு கூடும். புரதம் குறைந்தால் தோல் தேறாது. ஆகவே பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து மெல்ல வேண்டும். முட்டை வெள்ளைக்கரு, மீன் சாப்பிட வேண்டும். பொட்டாசியம் நிறைந்த கீரை, இளநீர், வாழைப்பழம் ஆகாது. உருளைக்கிழங்கு என்றால் வெட்டி ஊற வைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும்.

"அப்ப, சாப்பாட்டுலதான் இருக்கு. அப்பிடித்தானே மிஸ்ஸி?" என்று அஞ்சலை கேட்டாள்.

"ஆமா. ஷாம்புல இல்ல, சாப்பாட்டுலதான் இருக்கு."

அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. சமையல்காரி. சாப்பாடு என்று சொல்லிவிட்டால் அது அவள் ராஜ்யம். புருஷனின் கடையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

3. யார் சொல்வது பொய்

அதற்குச் சில வாரம் கழித்து வந்த திங்கட்கிழமைதான் நான் முதலில் சொன்னது.

மெஷினில் ஏற்றுவதற்கு முன் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் மறுநாள் வந்தது. பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. ஐந்துக்கு மேல் போனாலே நாங்கள் நோயாளியைத் திட்டுவோம். அதோடு இன்னொன்று: ரத்தத்தில் புரதத்தைக் காட்டும் ஆல்புமின் இறங்கியிருந்தது. டாக்டர் இரண்டையும் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

"மிஸ்ஸி, இவர் கடையில உக்காந்து ஏதோ திங்கிறார். இளநி, டுரியான் பழம், ஏதோ ஒண்ணு. வீட்டுக்குத் தெரியாம. நல்லா விசாரிங்க."

விசாரித்தேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் மாறிவிடும், அது சென்டருக்கே தெரியும்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இளநி குடிச்சீங்களா?"

"இல்ல மிஸ்ஸி."

"டுரியான்?"

"வாசம்கூடப் பாக்கல."

"கீரை?"

"அஞ்சலை கண்ணுல காட்ட மாட்டா. சத்தியமா மிஸ்ஸி. என் தொழில் மேல சத்தியம்."

அஞ்சலையைக் கேட்டேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கீரையா? அவரு வாயில ஒரு இலை பட்டிருந்தா என்னைய ஏன்னு கேளுங்க மிஸ்ஸி. நீங்க சொன்னபடிதான் செய்றேன். தண்ணியக்கூட அளந்துதான் குடுக்கிறேன்."

தண்ணீர் விஷயத்தில் அவள் சொன்னது சரிதான். இந்த நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு உண்டு. அதிகம் குடித்தால் அடுத்த தடவை எடை காட்டிக் கொடுத்துவிடும். அண்ணனின் எடை அளவுக்கு மேல் ஏறவே இல்லை. ஆகவே இளநீரும் இல்லை. அப்படியென்றால் பொட்டாசியம் எங்கிருந்து வருகிறது?

அடுத்த திங்கட்கிழமையும் அளவு அதிகம். மறுபடி மானிட்டர், மறுபடி ஊசி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்படியே போனா, ஒரு திங்கட்கிழமை அவர் வர மாட்டார். போன்தான் வரும். புரியுதா?"

புரிந்தது. அதன் பிறகு எனக்குச் சனி ஞாயிறே பிடிக்காமல் போயிற்று. மற்றவர்கள் லீவு நாளைக் கண்டால் குதிப்பார்கள், நான் திங்கட்கிழமை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். கோவிலுக்குப் போனால் அங்கேயும் அவர் ஞாபகம். பசாரில் வாழைத்தாரைப் பார்த்தால் அவர் ஞாபகம். திங்கட்கிழமை ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் ஜன்னலைப் பார்ப்பேன். அவருடைய பழைய மோட்டார் இருமிக்கொண்டு வந்து நின்றால்தான் மற்ற வேலை ஓடும்.

தலையோ இன்னும் மோசமாகிக்கொண்டிருந்தது. செதில் இப்போது காதுக்குப் பின்னாலும் இறங்கியிருந்தது. அண்ணன் கடையில் தொப்பி போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். முடிவெட்டுகிறவர் தொப்பி போட்டுக்கொண்டு நின்றால் வருகிறவர் என்ன நினைப்பார்?

4. குடிங்க மிஸ்ஸி

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு லகாட்டுக்குப் போனேன். நோயாளி வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போக முடியாது. கிட்னி நோயாளிக்குப் பழமும் வாங்க முடியாது. ஒரு பாக்கெட் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனவரைக் கையமர்த்திவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன். விருந்தாளியாக வந்த பெண் அடுப்படிக்குள் நுழைந்தால் நம் வீடுகளில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் போனது துப்புத் துலக்க.

ஒன்றும் அகப்படவில்லை. உருளைக்கிழங்கு வெட்டி, தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. டயட்டீஷியன் காட்டியது போலவே சின்னச் சின்னத் துண்டாக. உப்பு ஜாடி மேல்தட்டில் எட்டாத இடத்தில் இருந்தது. தேங்காய் இல்லை, பழம் இல்லை. இவ்வளவு ஒழுங்கான அடுப்படியை நான் எந்த நோயாளி வீட்டிலும் பார்த்ததில்லை. எனக்குக் கவலை கூடியது. தப்பு எங்கேயும் இல்லை என்றால் எதைத் திருத்துவது?

"முட்டை மீனெல்லாம் குடுக்கிறீங்களா அஞ்சலை?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நிப்பாட்டிட்டேன் மிஸ்ஸி. தோலு உரியிறப்ப கவுச்சி ஆகாதுல்ல? எங்க அக்கா போன்ல சொன்னாங்க, பத்தியம் வை, அப்பத்தான் செதில் அடங்கும்னு. இப்ப சைவந்தான்."

ஆல்புமின் ஏன் இறங்கியது என்பது அந்த இடத்தில் விளங்கிவிட்டது. சொறி, சிரங்கு, செதில் எது வந்தாலும் நம்மவர்கள் முதலில் மீனையும் முட்டையையும்தான் நிறுத்துவார்கள். ஆனால் மீனை நிறுத்தினால் பொட்டாசியம் ஏறாதே. அதை யோசித்துக்கொண்டு நின்றேன்.

"உக்காருங்க மிஸ்ஸி. வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போகக் கூடாது."

ஒரு கிண்ணத்தில் எதையோ ஊற்றிக் கொடுத்தாள். இளம் பச்சை நிறம், மேலே மிளகுத் தூள், சீரக வாசனை. வடிகட்டித் தெளிவாக இருந்தது.

"ரசமா?"

"சூப்பு. குடிங்க மிஸ்ஸி, முடிக்கு நல்லது. உங்களுக்கும் முன்பக்கம் கொஞ்சம் கொட்டிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் குடித்தேன். பொய் சொல்லக் கூடாது, ருசியாகவே இருந்தது. பாதிக் கிண்ணம் உள்ளே போன பிறகு கேட்டேன்:

"நல்லா இருக்கே. என்ன போட்டீங்க?"

"முருங்கக்கீரை. நம்ம வாசல்ல நிக்கிற மரந்தான்."

கிண்ணம் என் கையிலேயே நின்றது.

"அண்ணனுக்கும் இதைக் குடுக்கிறீங்களா?"

"ஐயோ, அவருக்குக் கீரை ஆகாதே, எனக்குத் தெரியாதா?" அஞ்சலை சிரித்தாள். "கீரைய நல்லா வேக வச்சு, ஒட்டப் பிழிஞ்சு எடுத்திருவேன். சக்கைய நான் தின்னுருவேன். அவருக்கு வெறும் சூப்பு மட்டும்தான்."

"தண்ணி அளவு?"

"அதுக்குள்ளதான் மிஸ்ஸி. பச்சத் தண்ணியக் கொறச்சிட்டு, அதுக்குப் பதிலா சூப்பு. உப்பே போடல. குடிச்சுப் பாத்தீங்களே."

"உருளைக்கிழங்குத் தண்ணிய என்ன செய்றீங்க?"

"அதக் கொட்டிருவேன். அது அழுக்குத் தண்ணிதானே. இது சத்துல்ல?"

பொட்டாசியம் தண்ணீரில் கரையும். இலையில் இருந்தது அத்தனையும் வெந்து, பிழிந்து, அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கியிருக்கிறது. கீரை கொடுத்தீர்களா என்று நாங்கள் கேட்டோம், கொடுக்கவில்லை என்று அவள் உண்மையைச் சொன்னாள். அண்ணனும் உண்மையைத்தான் சொன்னார். கீரையை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் கோணல்.

"இன்னைக்கு எவ்வளவு குடிச்சாரு?" என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"காலையில ஒரு கிண்ணம், மத்தியானம் ஒண்ணு. தலை ரெம்ப அரிக்குதுன்னு சொன்னாரா, நீங்க வர்றதுக்கு முன்னாடி இன்னொண்ணு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் மிஸ்ஸி?"

ஹாலுக்குப் போனேன். அண்ணன் டிவியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எந்திரிச்சு நில்லுங்க பாப்போம்."

நாற்காலிப் பிடியை ஊன்றி எழுந்தார். முழங்கால் மடங்கி, திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் பலமில்ல மிஸ்ஸி. காலையில இருந்தே இப்பிடித்தான்."

"கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்குத்தான் சென்டருக்கு வாரேனே?"

"நாளைக்கு வேணாம், இப்பவே. அஞ்சலை, கதவப் பூட்டு!" அவளை ஒருமையில் கூப்பிட்டுவிட்டேன். அதை யாரும் கவனிக்கும் நிலையில் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தூக்கிக் காரில் ஏற்றினோம். லகாட்டிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. அன்றைக்கு ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எனக்கென்றே விழுந்தது. கண்ணாடி வழியாக அவரைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினேன். "அண்ணே, பேசிக்கிட்டே வாங்க. கிருதா எப்படி எடுக்கணும்னு சொல்லுங்க" என்றேன். அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் அவர் பேச்சு நின்றபோதெல்லாம் எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது.

5. ஆஸ்பத்திரி பெஞ்சு

எமர்ஜென்சியில் ஈசிஜி எடுத்தவர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். ஊசி போட்டார்கள். அவசர டயாலிசிஸுக்கு மேலே கொண்டுபோனார்கள். சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். நாளைக் காலை வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் அஞ்சலை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கேட்டாள்:

"மிஸ்ஸி, அந்தச் சூப்புதானா?"

என்ன சொல்வது? இல்லை என்றால் நாளைக்கு மறுபடி மரத்தில் கீரை பறிப்பாள். ஆமாம் என்றால் அவள் உடைந்துபோவாள். பொய் சொல்லி ஒரு ஆளின் உயிரோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

"ஆமா அஞ்சலை. கீரையில உள்ளது எல்லாம் தண்ணியிலதான் இறங்கும். அதுதான்."

"அவரு போதும்னு வச்சிட்டாரு மிஸ்ஸி. அடியில இருக்கிறதுதான் சத்து, அதையும் குடிச்சிட்டுக் கிண்ணத்தக் குடுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

அவள் அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

6. அழகான ரிசல்ட்

அண்ணன் பிழைத்துக்கொண்டார். அடுத்த ரிசல்டில் பொட்டாசியம் நாலரை. டாக்டர் சிரித்தபடி கட்டைவிரலைக் காட்டினார். சென்டரே சந்தோஷப்பட்டது.

என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. பொட்டாசியத்தை விட வேகமாக ஆள் இறங்கிக்கொண்டிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. ஆல்புமின் இன்னும் கீழே போயிருந்தது. தலையில் செதில் பொருக்குத் தட்டி, சொறிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. கடையைப் பாதி நாள் மூடியே வைத்திருந்தார்.

"என்னண்ணே சாப்பிடுறீங்க?"

"சோறு மிஸ்ஸி. அவிச்ச முட்டகோசு. ராத்திரிக்கும் அதான்."

"வேற?"

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். அஞ்சலை காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவரைத் தனியாக மோட்டாரில் விடுவதில்லை. கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் கூடவே வந்துவிடுவாள்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் அஞ்சலை, மீனு முட்டை ஒண்ணும் கிடையாதா?"

"பயமா இருக்கு மிஸ்ஸி. கேன்டீன்ல எத்தன பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுறேன், அங்க பயமில்ல. இவரு தட்டுல ஒண்ண வைக்கப் போனா கை நிக்குது. எதுல என்ன இருக்குன்னு யாரு கண்டா? சோறுன்னா ஒண்ணும் ஆகாதுல்ல?"

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் அல்ல. இது ஆகாது, அது ஆகாது, தொடாதே, போடாதே என்று இந்த வீட்டுக்குள் நாங்கள் எத்தனை 'கூடாது'களை அனுப்பியிருக்கிறோம்! அதில் ஒன்றில் உயிரே போகப் பார்த்த பிறகு, சமைக்கிற கை நிற்காமல் என்ன செய்யும்?

"சோறு மட்டும் தின்னாலும் ஆகும் அஞ்சலை. அது மெதுவா ஆகும், அவ்வளவுதான். தலையில உரியிறது தோலு. புதுத் தோலு வளரணும்னா புரதம் வேணும். இந்த மெஷின் ரத்தத்தச் சுத்தம் பண்றப்பவே கொஞ்சம் புரதத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிரும். போனத நம்மதான் திருப்பிக் குடுக்கணும். கவுச்சி தின்னா செதில் அதிகமாகாது. தின்னாத்தான் கொறையும்."

"எங்க அக்கா சொன்னது?"

"உங்க அக்காவ என்கிட்டப் பேசச் சொல்லுங்க."

அவள் லேசாகச் சிரித்தாள். ஆனால் நம்பவில்லை. பிறகு நான் ஒன்று சொன்னேன், வாய் தவறி வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "தட்டுல வைக்கிறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணுங்க. என்ன போடுறீங்கன்னு சொல்லுங்க. நான் சரின்னு சொன்னா வைங்க."

அவ்வளவுதான். என் நிம்மதி போச்சு.

"மிஸ்ஸி, முட்ட அவிச்சிட்டேன். மஞ்சக்கருவ எடுத்துட்டேன்."

"சரி, வைங்க."

"எடுத்த மஞ்சக்கருவ?"

"நீங்க தின்னுங்க."

"மிஸ்ஸி, கெம்போங் மீனு வாங்கிருக்கேன். புதுசு."

"நல்லது. வறுத்துக் குடுங்க."

"கொழம்பு வச்சா?"

"மீனு எடுத்துப் போடுங்க. கொழம்பு ஒரு கரண்டி போதும்."

"ஆமா, தண்ணியிலதானே இறங்கும்" என்று அவளே சொன்னாள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சனி, ஞாயிறு என்று பார்க்காமல் போன் வரும். நான் குளித்துக்கொண்டிருக்கும்போது வரும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வரும். "சோறு தின்னு ரெம்ப நேரம் கழிச்சுத்தான் பாஸ்பேட் மாத்திரையப் போடுறாரு, பரவாயில்லையா?" என்று ஒரு நாள் கேட்டாள். அதுவும் அப்போதுதான் வெளியே வந்தது. கடையில் ஆள் வந்தால் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஆற அமர விழுங்கியிருக்கிறார். சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் அது பாஸ்பேட்டைப் பிடிக்கும். அதன் பிறகு அஞ்சலை எதிரில் உட்கார்ந்து, சோற்றுக்கு நடுவில் அவர் மெல்லுவதைப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

பொடுகு ஒரே வாரத்தில் பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் அரிப்பு குறைந்தது. சீப்பு வாலால் சொறிவது நின்றது. பிறகு பொருக்கு உதிர்ந்து, செதில் சிறுத்தது. மாதக் கணக்கு ஆயிற்று. இன்றைக்கும் அவர் தலை வறண்ட தலைதான், கிட்னி நோயாளியின் தலை அப்படித்தான் இருக்கும். ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டார். பாதி வெட்டில் எழுந்து போனவரும் ஒரு நாள் ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்தாராம். "நானும் ஒண்ணும் கேக்கல மிஸ்ஸி. காத மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு வெட்டினேன்" என்றார் அண்ணன்.

7. ஒரு ஞாயிறு

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியிடம் 'கீரை சாப்பிட்டீர்களா' என்று கேட்காதீர்கள். 'காலையிலிருந்து வாய்க்குள் என்னென்ன போயிற்று, குடித்தது உட்பட' என்று கேளுங்கள். சமைக்கிறவரிடம் 'தண்ணீரை என்ன செய்கிறீர்கள்' என்று கேளுங்கள். ஒன்றைக் கூடாது என்று சொல்லும்போது, அதே மூச்சில் கூடும் என்று ஒன்றையும் சொல்லுங்கள். வெறும் 'கூடாது' ஒரு வீட்டு அடுப்பை அணைத்துவிடும். அடுப்பு அணைந்த வீட்டில் எங்கள் மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அஞ்சலையிடமிருந்து போன் வரவில்லை. லாங் கேப் நாள். போனைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். பேட்டரி இருக்கிறது, லைனும் இருக்கிறது. அவர் விழுந்துவிட்டாரோ, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. கடைசியில் பொறுக்க முடியாமல் நானே அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் கார் சாவியை எடுத்துக்கொண்டேன்.

ஒருவழியாக எடுத்தாள்.

"அஞ்சலை! ஏன் இன்னைக்குக் கேக்கவே இல்ல? அண்ணே நல்லா இருக்காரா?"

"இருக்காரு மிஸ்ஸி. தட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. மீனு சட்டியில கெடக்கு, கருகிரும். வைக்கிறேன் மிஸ்ஸி."

வைத்துவிட்டாள்.